முதல் துளி வேண்டாம்

திருப்பூரிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் குழந்தைச் சட்டையின் பிரஸ் பட்டனில், பத்து லட்சம் பங்கில் 100 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. அந்நாட்டின் 2008-ம் ஆண்டுச் சட்டம் படிப்படியாக இறுகி, 2011-ல் இந்த அளவுக்கு வந்தது. பனியன் கம்பெனி மெர்ச்சன்டைசர்களுக்கு இந்த எண் பழக்கமானது.

பட்டன் வைப்பவரின் பிள்ளைக்கு ரத்தத்தில் ஈயம் எவ்வளவு? ஹெல்த் செக்கப் பட்டியலில் பொதுவாக அந்த வரியே இருக்காது. மருத்துவர் தனியாக எழுதித் தர வேண்டும்.

எழுதிவிட்டால், மிச்சமெல்லாம் ரத்த மாதிரி எடுப்பவரின் கைப்பக்குவம். சர்க்கரை பார்க்கக் குத்துவதுபோல இதற்குக் குத்திவிட முடியாது. விரலில் ஒட்டிய தூசியில் துளி ஈயம் இருந்தாலும் ரிப்போர்ட் பொய் சொல்லும். சோப்புப் போட்டுக் கழுவி, கழுவிய கை எதையும் தொடாமல் பார்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, முதல் துளியை ஒற்றியெடுத்துவிட்டு அடுத்ததைத்தான் பிடிக்க வேண்டும். அதிலும் அளவு கூடினால், கை நரம்பில் எடுத்து உறுதிசெய்ய வேண்டும். ரத்தத்து ஈயத்தில் சுமார் 99 சதவீதம் சிவப்பணுக்களில் இருப்பதால், சீரம் பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை. முழு ரத்தம் வேண்டும், அது உறையவும் கூடாது. ஊதா மூடிக் குழாயை எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துவது அதற்காகத்தான்.

கேள்வி கேட்பதும் இந்த வேலையில் சேர்த்தி. "வீட்டில் ஈயம் உண்டா?" என்றால் ரசம் வைக்கும் ஈயச் சொம்பைச் சொல்வார்கள். அது வெள்ளீயம். கலப்படம் இல்லாதவரை அதில் பயமில்லை. தேடுவது காரீயத்தை. ஆகவே, பழைய பேட்டரி உடைக்கும் இடம் பக்கத்தில் உண்டா, அப்பா வேலைத்துணியோடு பிள்ளையைத் தூக்குகிறாரா, சுவரில் பழைய பெயின்ட் உதிர்கிறதா என்று கேட்பதே சரி.

ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே மூலத்தைத் தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சென்னையில் 3 முதல் 7 வயதுக் குழந்தைகள் 756 பேரிடம் நடந்து, 2009-ல் வெளியான ஆய்வில் சராசரியே 11.4. குறைந்த எண்ணைக் கண்டதும் நிம்மதி அடையவும் முடியாது. ரத்தத்தில் ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் போதும். எலும்பில் புகுந்தது பல ஆண்டுகள் தங்கும்.

அளவு கூடிய குழந்தையை மூன்று மாதத்துக்குள் மறுபடி சோதிக்க வேண்டும். பீஸ் ரேட்டில் தைக்கும் அம்மா அதற்காக ஒரு நாள் கூலியை விட வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரத்தம் எடுக்க ஓர் ஆள் இருந்தால் அந்த அம்மா வந்துவிடுவார்.