மறைப்புள்ள யன்னல்

எம் நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு விலைப்பட்டியலைக் கையிலெடுத்துக்கொண்டு எமது இல்லத்துக்கு வந்தார். குடும்பத்தோடு உல்லாசக் கப்பலொன்றிற் சில நாட்கள் கடற் பிரயாணம் செய்ய அவருக்கு ஆசை. கப்பலறைகளின் வகைகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். தனி மாடமுள்ள அறைக்கு மிக உயர்ந்த விலை. கடலை நோக்கிய யன்னலுள்ள அறைக்கு அதனிற் குறைந்த விலை. யன்னலே இல்லாத உள்ளறைக்கு எல்லாவற்றிலும் குறைந்த விலை. இவற்றுக்கிடையே காட்சி மறைப்புள்ள அறை என்று ஒருவகை இருந்தது. அங்கே யன்னல் உண்டு; ஆயின் அதற்கு வெளியே உயிர்காப்புப் படகோ, இரும்புத் தூணோ குறுக்கே நிற்கும்.

"மாஸ்டர், இதனை எடுக்கலாமா, விடலாமா?" என்று கேட்டார்.

கப்பற் பிரயாணத்தில் எமக்குப் பழக்கமில்லை. ஆனால், மறைப்புள்ள யன்னலோரம் அமர்ந்து தலவாக்கலைக்குச் சென்ற அனுபவம் எமக்கு உண்டு. அதனையே அவருக்குச் சொன்னோம்.

2018ஆம் ஆண்டு பாடசாலை விடுமுறையில், எம்மிடம் முன்னர் கற்ற மாணவர் ஒருவரின் அழைப்பை ஏற்று, கொழும்புக் கோட்டையிலிருந்து உடரட்ட மெனிக்கே புகையிரதத்திற் குடும்பத்தோடு புறப்பட்டோம். குளிரூட்டிய முதலாம் வகுப்பில் யன்னற் கண்ணாடிகள் திறவா. கூடிய பணம் கொடுப்போர்க்கு மலைக்காற்று இல்லை! ஆகவே இரண்டாம் வகுப்பையே நாடினோம். நால்வருக்கும் ஆசனங் கிடைத்ததாயினும் மூன்று ஒரு பக்கத்திலும் ஒன்று மறுபக்கத்திலுமாக அமைந்தன. அந்த ஒற்றை ஆசனத்துக்கு நேரே இரண்டு யன்னல்களுக்கு இடைப்பட்ட சுவர். தலையை முன்னே நீட்டினால் அரை யன்னல் தெரியும். பிள்ளைகள் அதனை வேண்டாமென்றனர். குடும்பத் தலைவருக்குரிய பங்கு எதுவென்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாவலப்பிட்டிவரை 1874இலும், நானுஓயாவரை 1885இலும் அமைக்கப்பட்ட பாதை இது. மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி ஏறுகின்றது. ஆதலால், வண்டியின் ஒரு பக்கம் பள்ளத்தாக்கு விரியும்போது மறுபக்கம் வெட்டிய மண்சரிவே தெரியும். ஹட்டனைக் கடந்ததும் சிங்கமலைச் சுரங்கம் வந்தது. அங்கே மட்டும் எல்லா வகுப்பாருக்கும் ஒரே காட்சி.

சுரங்கத்தையும் கொட்டகலையையும் தாண்டியபின், "சென் கிளயர், சென் கிளயர்!" என்று எவரோ கூவினர். வண்டியிலிருந்தோர் அனைவரும் பள்ளத்தாக்குப் பக்கம் சாய்ந்தனர். ஏறத்தாழ 80 மீற்றர் உயரமும் 50 மீற்றர் அகலமுமுள்ள அந்த நீர்வீழ்ச்சியை இலங்கையின் சின்ன நயாகரா என்பர். எம் மகள் ஓடிவந்து, "அப்பா, படத்தில் உள்ளதுபோலத் தண்ணீர் இல்லையே" என்றாள். மேல் கொத்மலை மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியது. தலவாக்கலை நகரருகே அணை கட்டி, ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே கொத்மலை ஓயாவின் நீரைக் கொண்டுசென்று 150 மெகாவாற் மின்சாரம் பெறுகின்றனர். நீர்வீழ்ச்சி முற்றாக வற்றிவிடாதிருக்கப் பகலிற் குறித்த அளவு நீரை விடுகின்றனர். நல்ல யன்னல் கிடைத்தாலும் காட்சி முழுமையாகக் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

எல்லோரும் அப்பக்கம் சாய்ந்திருந்த அவ்வேளையில், எமது அரை யன்னலின் ஊடே வேறொன்று தெரிந்தது. மண்சரிவு சற்றே தாழ்ந்த இடத்தில், தண்டவாளத்துக்கு மிக அண்மையில் ஒரு லயம். தகரக் கூரையின்மேற் காற்றுக்கு வைத்த கற்கள். கொடியிற் காயும் பள்ளிச் சீருடை. வாயிற்படியில் ஒரு மூதாட்டி. அவர் கையை உயர்த்தி அசைத்தார். யாரையோ தெரிந்து அசைக்கின்றார் என்று எண்ணி நாம் வாளாவிருந்தோம். வண்டி கடந்துவிட்டது.

அன்று மாலை தலவாக்கலையில் மாணவரின் வீட்டிற்குச் சென்றோம். அதுவும் ஒரு லயமே. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. முன்னே சிறு திண்ணை. முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டிய வரிசையாதலால் பின்சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம். அச்சுவரில் யன்னல் வைக்க வழியில்லை. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்தவர்களுக்கு, எப்பக்கம் யன்னல் வேண்டுமென்று எவரும் கேட்டதில்லை.

தேநீர் தந்துகொண்டே மாணவரின் தாயார், "ரயில்ல வந்தீங்களே, எங்க லயங்களப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

நாம் தயங்கியதைக் கண்டு, "எல்லாரும் அந்தப் பக்கம் தண்ணி விழுறதத்தான் பாப்பாங்க. நாங்க சின்ன வயசிலருந்து கை காட்டிக்கிட்டே இருக்கோம்" என்று சிரித்தார்.

அவர் குறை சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். எமக்கோ வழியிற் கையசைத்த மூதாட்டியின் நினைவு வந்தது. பலர் விரும்பாத ஆசனத்தில் அமர்ந்தமையால் அவரைக் கண்டோம். கண்டும் மறுமொழி கூறாது வந்துவிட்டோம். மறைப்பு யன்னலில் மட்டும் இருக்கவில்லை.

மாணவர் எம்மை வெளியே அழைத்துச் சென்று, சற்றுத் தொலைவிற் புதிதாக எழுந்த தனிவீடுகளைக் காட்டினார். 7 பேர்ச்சஸ் காணியில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. அவ்வீடுகளின் நாற்புறச் சுவரும் அவர்களுடையவை. வேண்டிய பக்கம் யன்னல் வைக்கலாம். "எங்களுக்கும் வரும் சேர்" என்றார்.

இவ்வளவையும் கேட்ட நண்பர், "அப்படியானால் அந்த அறையையே எடுக்கட்டுமா?" என்றார்.

"எடுக்குமுன் கப்பலின் தளப்படத்தைப் பாருங்கள்" என்றோம். "படகு யன்னல் முழுவதையும் அடைக்கின்றதா, கீழ்ப்பாதியை மட்டும் அடைக்கின்றதா என்று எழுதிக் கேளுங்கள். பகலெல்லாம் மேற்றளத்தில் உலாவுவோருக்கு, உறங்கும் அறையில் முழுக் கடலும் தெரியவேண்டியதில்லை. திறந்த தளம் எல்லா அறையாருக்கும் பொது. படுக்கையை விட்டு எழ இயலாத முதியவர் உடன் வந்தாராயின் விலையைப் பாராது நல்ல யன்னலை அவருக்குக் கொடுங்கள்."

நண்பர் குறித்துக்கொண்டார். நாம் கொழும்புக்குத் திரும்பிய கதையை அவர் கேட்கவில்லை, ஆயினும் சொன்னோம். அன்று பிள்ளைகள் இருவரும் மண்சரிவுப் பக்கத்து அரை யன்னலுக்காகச் சண்டையிட்டனர். தலவாக்கலையிலிருந்து ஹட்டன்வரை, லயம் கண்ட இடமெல்லாம் நால்வரும் கையசைத்துக்கொண்டே வந்தோம்.