மானிப்பாயிலிருந்து ஒரு கடிதம்

மானிப்பாய், யாழ்ப்பாணம்.

அன்புள்ள தோழி,

நலமாய் வந்து சேர்ந்தேன். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் காங்கேசன்துறை. கடலூர்ப் பக்கத்தில் நம் குடிகாட்டிலிருந்து வேலூருக்குப் பஸ்ஸில் போகிற நேரம். இதற்கா இத்தனை வருஷம் யோசித்தோம்? கப்பலில் வாந்தி எடுத்தவர்களைவிட ரீல்ஸ் எடுத்தவர்கள்தான் அதிகம்.

முகாம் அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். தலை முழுக்க வெள்ளை. "வாங்கோ, இருங்கோ, முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ" என்று கையில் பனங்கட்டித் துண்டைத் திணித்தார். அதைக் கடித்துக்கொண்டே குடிக்க வேண்டுமாம். முதல் கேள்வி உன்னைப் பற்றித்தான்: "அவ இன்னும் சைக்கிள்லதான் திரியிறாவோ?" அகதி முகாமிலிருந்து நம் கிளினிக்குக்கு வந்து, ஊசிக்கு அழும் பிள்ளைகளை மடியில் பிடித்துக்கொண்ட காலத்தை அவர் கொஞ்சமும் மறக்கவில்லை. ராத்திரி தொழிற்சாலைகள் பக்கமிருந்து காற்று திரும்பினால் குடிகாட்டு ஜனம் கண் எரிச்சலோடும் இருமலோடும் விடியற்காலையில் வந்து நிற்குமே, அதையும் கேட்டார். இன்னும் வருகிறார்கள் என்றேன்.

அவர் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை. ஊரார் வாயில் மிஷன் ஆஸ்பத்திரி. இதைப் பார்க்கத்தான் வந்தேன் என்று உனக்குத் தெரியும். சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் அமெரிக்காவில் வூஸ்டர் ஊர்க்காரர். 1847இல் கிட்டத்தட்ட இருபத்தைந்து வயதில் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த வருஷமே மானிப்பாயில் வைத்தியத்தோடு வைத்தியப் படிப்பையும் தொடங்கிவிட்டார். நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் போன டாக்டர்கள் எத்தனையோ பேர். இவர் தன் இடத்தில் நிற்க ஆள் தயாரித்தார்.

முதலில் ஆங்கிலத்தில்தான் சொல்லிக் கொடுத்தார். படித்து முடித்த பையன்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போனார்கள். கிராமத்தில் யார் இருப்பது? நமக்கும் பழக்கமான கதை. 1864இல் பாடத்தைத் தமிழுக்கே மாற்றினார். புத்தகம் இல்லை, அதனால் புத்தகத்தையும் உண்டாக்க வேண்டியதாயிற்று. அறுவை வைத்திய நூலான 'இரண வைத்தியம்' 1867இல் வந்தது. கிரே எழுதிய உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆனது. அவர் காலத்தில் அறுபது பேருக்கு மேல் படித்து வெளியேறினார்கள். அவர்கள் கால்சட்டை மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரர் மாதிரி திரிவது கிறீனுக்குப் பிடிக்காது. வேட்டியும் தலைப்பாகையுமாக, தங்கள் ஜனங்களில் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பார்.

அவர் வைத்தியத்துக்கு மட்டும் வரவில்லை, மதமும் சொல்ல வந்தவர். அதை மூடி வைத்துவிட்டுப் புகழ எனக்கு மனமில்லை. அவருக்கு உதவிய மாணவர்களின் பெயர்களைப் பார்: டான்போர்த், சாப்மன். வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிடாதே, அசல் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரை மிஷன் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைப்பது அந்தக் காலத்து வழக்கம். அம்மா வைத்த பெயர் எங்கே போயிற்றோ! ஆனால் அந்த டான்போர்த்தும் சாப்மனும் இல்லாவிட்டால் கிறீனின் தமிழ் நூல் வரிசை இந்த அளவுக்கு வளர்ந்திருக்காது.

எனக்கு மனசில் நின்றது அதற்குப் பிறகு நடந்தது. 1873இல் கிறீன் மனைவி மக்களோடு அமெரிக்கா திரும்பிவிட்டார். அத்தோடு முடிந்தது என்றுதானே நினைப்போம்? வேதியியல் நூல் 'கெமிஸ்தம்' 1875இல் அச்சானது, உடலியல் நூல் 'மனுஷ சுகரணம்' 1883இல். யாழ்ப்பாணத்தில் மாணவர்கள் மொழிபெயர்த்தார்கள், வூஸ்டரில் உட்கார்ந்து அவர் திருத்தினார். ஒரு காகிதம் போய்ச் சேரவே வாரக்கணக்கு ஆகும் காலம். பக்கத்து வீட்டுக்காரருக்கோ தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. இவர் மட்டும் அங்கே குளிரில் எலும்புக்கும் நரம்புக்கும் தமிழ் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். 1884இல் இறந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தன் கல்லறைக் கல்லில் எழுதச் சொல்லியிருந்தார், அப்படியே எழுதியிருக்கிறது. மாணவரை நண்பராக நினைக்காதவர் பத்து வருஷம் தபாலில் இந்தப் பாடு படமாட்டார் என்று நினைக்கிறேன். நீ வேறு ஏதாவது சொல்லுவாய், சொல்லு.

நேற்று பண்டத்தரிப்புக்கும் போய் வந்தோம். கிறீனுக்கு முன்னால் 1820இல் ஜான் ஸ்கடர் வைத்தியம் பார்க்கத் தொடங்கிய ஊர். அவருடைய பேத்திதான் ஐடா ஸ்கடர். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்ததைப் பார்த்து டாக்டருக்குப் படித்தாரே, அவரேதான். கடலூர்ப் பக்கம் யாருக்குப் பெரிய வியாதி வந்தாலும் நாம் வேலூரில் அவர் தொடங்கிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம். அந்த வழி இங்கே பண்டத்தரிப்பில் தொடங்கியது என்று சொன்னால் நம் சீனியர் நர்ஸம்மா நம்பமாட்டார்.

இன்று காலையில் அக்கா கூடவே போய் மிஷன் ஆஸ்பத்திரி வெளிநோயாளர் வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆச்சி "நாரி நோகுது பிள்ளை" என்றார். இடுப்பு வலி என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஜலதோஷம் இங்கே தடிமன், தலைவலி தலையிடி. நம்மூரில் "வெடவெடன்னு வருது", "நெஞ்ச அடைக்குது" என்று சொல்வதையெல்லாம் நீ ஒரு நோட்டில் குறித்து வைத்திருப்பாயே, புதிதாக வருகிற டாக்டர்களுக்காக. அதை அக்காவிடம் சொன்னேன். விடவே மாட்டேன் என்கிறார். தென்னிலங்கையிலிருந்து வருகிற பயிற்சி டாக்டர்கள் இங்கேயும் இதே கஷ்டம்தான் படுகிறார்களாம். யாழ்ப்பாணத்து வார்த்தைகளைப் பக்கத்தில் எழுதி இரண்டு ஊருக்கும் ஒன்றாக ஒரு நோட்டு போடலாம் என்கிறார்.

பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பு. கையெழுத்து தெளிவாக விழட்டும், அக்காவுக்குக் கண்ணில் புரை. மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் வாங்கிவிட்டேன். கப்பலில் எடை கெடுபிடி, அதனால் புழுக்கொடியல் கொஞ்சமாகத்தான் வரும்.

உன் அன்புத் தோழி