நிற்கும் வண்டியும் இறங்கும் பேட்டரியும்

இங்கிலாந்தில் மோட்டார் ஹோம், அதாவது உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி, வைத்திருப்பவர்களில் பலர் அக்டோபர் கடைசியில் வண்டியை நிறுத்தினால், மறுபடி எடுப்பது ஈஸ்டர் விடுமுறைக்குத்தான். அன்றைக்குச் சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும், செல்ஃப் எடுக்காது. உள்ளே விளக்கு எரியும், தண்ணீர் பம்ப் ஓடும். காரணம், வண்டியில் இரண்டு வகைப் பேட்டரிகள் உண்டு. ஒன்று வீட்டுப் பகுதிக்கு, இன்னொன்று இஞ்சினைக் கிளப்ப. கூரைமேல் இருக்கும் சோலார் தகடு பல வண்டிகளில் வீட்டுப் பேட்டரிக்கு மட்டுமே மின்சாரம் தரும். இஞ்சின் பேட்டரியைக் கவனிக்க ஆளில்லை.

ஓடுகிற வண்டியில் பல ஆண்டுகள் உழைக்கும் ஒரு பொருள், சும்மா நின்றால் ஒரே குளிர்காலத்தில் கெட்டுப்போவது ஏன்? வண்டியின் கையேடு ‘அவ்வப்போது சார்ஜ் செய்யவும்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எனக்கு அது போதவில்லை. இந்தப் பேட்டரியை யார், எந்த வேலைக்காக உருவாக்கினார்கள் என்று பின்னோக்கித் தேடத் தொடங்கினேன்.

முதலில் கையில் கிடைத்தது செல்ஃப் ஸ்டார்ட்டருக்கான சார்லஸ் கெட்டரிங்கின் காப்புரிமை ஆவணம். 1911-இல் விண்ணப்பித்தார், 1915-இல் கிடைத்தது. அதற்கு முன் காரைக் கிளப்ப முன்பக்கம் கம்பியைச் செருகிச் சுற்ற வேண்டும். இஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு முறியும். மோட்டார் வைத்துச் சுற்றலாம் என்ற யோசனை ஏற்கெனவே இருந்தது. ஆனால் இஞ்சினைச் சுற்றும் அளவு பலமுள்ள மோட்டாரும் அதற்கான பேட்டரியும் காருக்குள் அடங்காது என்று கருதினார்கள். கெட்டரிங் அதற்கு முன்பு பணப்பதிவு இயந்திரம் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்; அந்த இயந்திரத்தைக் கையால் சுற்றாமல் மோட்டாரால் இயக்கிக் காட்டியவர். கண நேரம் மட்டும் உழைக்கும் மோட்டார் சிறியதாக இருந்தாலும் தன் அளவுக்கு மீறிய சுமையைத் தாங்கும் என்பதை அங்கே கற்றிருந்தார். அந்த அறிவைக் காருக்குக் கொண்டுவந்தார். 1912-ஆம் ஆண்டின் கேடிலாக் கார் அவருடைய செல்ஃப் ஸ்டார்ட்டரோடு விற்பனைக்கு வந்தது.

அந்த அமைப்பில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அதன் இரண்டாம் பாதி. இஞ்சினைச் சுற்றிய அதே இயந்திரம், இஞ்சின் ஓடத் தொடங்கியதும் டைனமோவாக மாறிப் பேட்டரிக்கே மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். கிளப்பும்போது பேட்டரிப் பிரிவுகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தரும். சார்ஜ் ஆகும்போது 6 வோல்ட் பிரிவுகளாகப் பக்கஇணைப்புக்கு மாறும். எடுத்த கடனை எடுத்த கையோடு அடைத்துவிடும் ஏற்பாடு அது. அந்தக் கடனும் சிறியதுதான். இன்றைய டீசல் வண்டிக்குக் கணக்குப் போட்டேன்: 300 ஆம்பியர் வீதம் 3 வினாடி இழுத்தால் செலவாவது வெறும் 0.25 ஆம்பியர் மணி. சில நிமிட ஓட்டத்தில் அது திரும்பிவிடும். கிளப்பும் பேட்டரிக்குள் மெல்லிய தகடுகளை நிறைய அடுக்குவதும் இதனால்தான். ஒரு நொடியில் பெரும் மின்சாரத்தைக் கொட்ட அவை ஏற்றவை. நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப்போவதைத் தாங்க ஏற்றவை அல்ல.

நிற்கும் வண்டியில் நடப்பதோ அதுதான். கடிகாரம், அலாரம், ரேடியோவின் நினைவகம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி போகிறது. 95 ஆம்பியர் மணிப் பேட்டரி ஆறு வாரத்துக்குள் பாதி காலி. திருப்பித் தர வேண்டிய ஆல்டர்னேட்டர், அதாவது அந்த டைனமோவின் இன்றைய வடிவம், அசையாமல் கிடக்கிறது.

எல்லா இணைப்பையும் கழற்றிவிட்டாலும் பேட்டரி மெல்ல இறங்கத்தான் செய்கிறது. அதன் காரணத்தைத் தேடியபோது இன்னும் பின்னால் போக நேர்ந்தது. 1859-இல் பிரான்சில் காஸ்தோன் பிளான்தே இரண்டு ஈயத் தகடுகளை நடுவே ரப்பர் பட்டைகள் வைத்துச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். மறுபடி மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய முதல் பேட்டரி அது. சார்ஜ் செய்ய வசதியான டைனமோ அன்று இல்லை. வேறு பேட்டரிகளைக் கொண்டே ஏற்றினார். புதுத் தகடு மின்சாரத்தை அதிகம் பிடித்து வைக்காது. ஒரு திசையில் ஏற்றி, இறக்கி, எதிர்த் திசையில் ஏற்றி, இடையிடையே ஓய்வு கொடுத்து, அந்த ஓய்வுக் காலத்தை நீட்டிக்கொண்டே போய், மாதக்கணக்கில் தகட்டைப் பழக்கினார். நிற்பதால் கெடும் பொருளின் தேடலில், அதை உருவாக்கியவரே அதை வேண்டுமென்றே நிற்கவிட்டார் என்று படித்தபோது வியப்பாக இருந்தது.

விளக்கம் 1882-இல் வந்தது. கிளாட்ஸ்டன், டிரைப் என்ற இரு வேதியியலாளர்கள் லண்டனில் எழுதிய கட்டுரைத் தொடரின் முதல் பகுதியே நிற்கும் பேட்டரிக்குள் நடப்பதைப் பற்றியது. தகட்டின் மேலிருக்கும் ஈய டை ஆக்சைடும் அடியிலிருக்கும் ஈயமும் அமிலத்தின் நடுவே தமக்குள்ளேயே வினைபுரிந்து ஈய சல்பேட்டாக மாறுகின்றன. வெளியே ஒரு கம்பிகூட இணைத்திருக்க வேண்டியதில்லை. ஓய்வில் உருவான அந்தச் சல்பேட்டை அடுத்த சார்ஜ் மின்சாரம் பிடிக்கும் பொருளாக மாற்றியது. இப்படித்தான் பிளான்தேயின் தகடு ஒவ்வொரு ஓய்விலும் ஆழமாகப் பழகியது. பேட்டரி மின்சாரம் தரும்போதும் இரு தகடுகளிலும் உருவாவது அதே சல்பேட்தான் என்று அவர்கள் காட்டினார்கள்.

நான் தேடிய விடை இங்கேதான் கிடைத்தது. சல்பேட் நோயல்ல, பேட்டரி வேலை செய்யும் முறையே அதுதான். புதிதாகப் படிந்த சல்பேட் நுண்ணிய படிகங்களாக இருக்கும். சார்ஜ் வந்தால் எளிதில் கரைந்து மாறும். வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால் சிறு படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களின் மேல் சேரும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் முழுதாக மாறாது. பிளான்தேயின் ஓய்வுக்குப் பின் எப்போதும் சார்ஜ் வந்தது, அதனால் தகடு வளர்ந்தது. என் வண்டியின் ஓய்வுக்குப் பின் எதுவும் வருவதில்லை, அதனால் தகடு இறுகுகிறது.

இடையில் 1881-இல் இன்னொரு பிரெஞ்சுக்காரர், காமீய் ஃபோர், ஈய ஆக்சைடுப் பசையைத் தகட்டில் பூசி அந்த மாதக்கணக்கான பழக்கத்தைச் சுருக்கினார். அவருடைய நான்கு பேட்டரிகளை ஒரு பெட்டியில் வைத்துப் பாரிஸிலிருந்து கிளாஸ்கோவுக்கு, பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சனிடம் கொண்டுபோனார்கள். சுமார் மூன்று நாள் பயணத்துக்குப் பிறகும் மின்சாரம் உள்ளே இருந்தது அன்று பெரும் வியப்பு. அதே பசைத் தகட்டிடம்தான் இன்று ஐந்து மாதம் எதிர்பார்க்கிறோம்.

நெடுங்காலம் நின்றபடியே தயாராக இருக்கும் பேட்டரியைப் பற்றி முதலில் கவலைப்பட்டவர்களில் தொலைபேசிக்காரர்கள் முக்கியமானவர்கள். தகட்டுச் சட்டத்தின் ஈயத்தை உறுதியாக்கச் சேர்த்த ஆன்டிமனி, பேட்டரி தானாக இறங்குவதையும் தண்ணீர் வற்றுவதையும் கூட்டியது. 1935-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஹேரிங்கும் தாமஸும் அதற்குப் பதிலாகக் கால்சியம் சேர்த்த ஈயத்தை முன்வைத்தார்கள். இன்று தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத கார் பேட்டரிகளின் தகடு அந்த வழியில் வந்ததே. தொலைபேசி நிலையங்களில் பேட்டரியைச் சார்ஜரிலிருந்து கழற்றுவதில்லை. இறங்குவதை மட்டும் ஈடுகட்டும் சிறு மின்சாரம் எப்போதும் போய்க்கொண்டிருக்கும். நிறுத்தி வைத்த மோட்டார் ஹோமுக்கு முன்மாதிரி ஓடும் கார் அல்ல, இந்தத் தொலைபேசி நிலையம்தான்.

இந்தத் தேடலுக்குப் பிறகு என் பராமரிப்பு முறை தெளிவானது. சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரியின் வோல்ட் அளவைப் பார்க்கிறேன். 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.0 என்றால் ஏறக்குறையக் கால் பங்குதான் மிச்சம். 12.5-க்குக் கீழே விடுவதில்லை. 14.4 வோல்ட் வரை ஏற்றி, பிறகு 13.5 அளவில் தாங்கி நிற்கும் தானியங்கிச் சார்ஜரை இணைக்கிறேன். குளிரில் பேட்டரிக்குச் சற்றுக் கூடுதல் வோல்ட் தேவை. வெப்பநிலையைக் கணக்கில் எடுக்கும் சார்ஜர் அதைத் தானே பார்த்துக்கொள்ளும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரலாம் என்பதால் காற்றோட்டம் வேண்டும்.

வெளி மின்சாரத்தில் செருகிவிட்டால் இரண்டு பேட்டரியும் ஏறும் என்று நம்பக் கூடாது. பல வண்டிகளின் உட்புறச் சார்ஜர் வீட்டுப் பேட்டரியோடு நின்றுவிடும். இரண்டையும் இணைக்கும் ரிலே இஞ்சின் ஓடும்போது மட்டும் மூடும். வீட்டுப் பேட்டரி நிறைந்ததும் மிச்சத்தை இஞ்சின் பேட்டரிக்குத் திருப்பும் சிறு கருவியோ, இரண்டு வெளியீடு உள்ள சோலார் கட்டுப்படுத்தியோ அந்தக் குறையைத் தீர்க்கும். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் இஞ்சினை நின்ற இடத்திலேயே ஓடவிடுவது தீர்வாகாது. கிளப்ப எடுத்தது திரும்பலாம். வாரம் முழுதும் வற்றியது திரும்பாது. ஈயப் பேட்டரி கடைசி ஐந்தில் ஒரு பங்கை மிக மெதுவாகவே வாங்கும், அதற்கு மணிக்கணக்கு வேண்டும். இறங்கிய பேட்டரிக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. அமிலம் நீர்த்துவிடுவதால், பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரியை எட்டும் முன்னரே அது உறைந்து கூடு வெடிக்கலாம். நிறைந்த பேட்டரிக்கு அந்தப் பயமில்லை.

கெட்டரிங் பேட்டரியை டைனமோவோடு சேர்த்தே வடிவமைத்தார். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தும்போது அந்த ஜோடியை நாம்தான் பிரிக்கிறோம். டைனமோவின் இடத்தில் இன்னொன்றை வைப்பதும் நம் பொறுப்புதான். வண்டியை நிறுத்தும் அன்றே ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: இனி இஞ்சின் பேட்டரிக்கு மின்சாரம் எந்தக் கம்பி வழியாக வரும்? அதைக் கைகாட்டிச் சொல்ல முடிந்தால் அந்தப் பேட்டரி அடுத்த குளிர்காலத்தையும் பார்க்கும்.