திறக்க மறுத்த கணினியும் தீர்க்க வேண்டிய கடனும்



ஒருவர் மரணித்தால் அவர் விட்டுச்சென்ற செல்வத்திலிருந்து முதலில் அடக்கச் செலவும், அடுத்துக் கடனும், அதன்பின் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத வஸிய்யத்தும் நிறைவேற்றப்பட வேண்டும், எஞ்சியதே வாரிசுகளுக்குரியது. இவ்வரிசையை நம் வீடுகளில் பெரும்பாலோர் அறிவர். ஆனால் யாருக்கு எவ்வளவு என்னும் விவரம் முழுவதும் ஒரு கணினிக்குள் இருந்து, அக்கணினி திறக்க மறுத்தால் என்ன செய்வது? சென்ற ஆண்டு எங்கள் மஹல்லாவில் இக்கேள்வியை நேரில் சந்தித்தோம்.

சேலையூரில் வசித்த பெரியவர் ஒருவர், இளமையில் பல்லாவரத்து அச்சகம் ஒன்றில் தமிழ்த் தட்டச்சுப் பணி செய்தவர். ஓய்வு பெற்றபின் அக்கம்பக்கத்தாருக்கு விண்ணப்பங்கள் தட்டச்சு செய்து கொடுத்துவந்தார். நம்பிக்கையானவர் என்பதால் கூலி வேலை செய்வோரும் வீட்டுப் பெண்களும் தம் சிறுசேமிப்பை அவரிடம் அமானிதமாகக் கொடுத்துவைப்பர். அவசரத்துக்குக் கைமாற்று வாங்குவதும் கொடுப்பதும் உண்டு. ஒவ்வொன்றையும் எழுதிவைத்தார். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் பணிக்கிறதே, அதை அவர் அளவுக்குக் கடைப்பிடித்தவரை நாங்கள் கண்டதில்லை.

ஷஃபான் மாதத்தில் அவர் வஃபாத்தானார். ஜனாஸாத் தொழுகைக்கு முன் மூத்த மகன் எழுந்து, “எங்கள் வாப்பா யாருக்கேனும் கடன்பட்டிருந்தால் எங்களிடம் கேளுங்கள், நாங்கள் பொறுப்பு” என்று அறிவித்தார். மூவர் வந்தனர். “இன்னும் பலர் இருக்கிறார்கள், எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது” என்றார் பெரியவரின் மனைவி. கடனாளியாக இறந்த ஒருவருக்குத் தொழவைக்க நபி (ஸல்) அவர்கள் தயங்கியதையும், அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனுக்குப் பொறுப்பேற்ற பின்னரே தொழவைத்ததையும் அந்த அம்மா அறிந்திருந்தார்கள். இத்தாவில் இருந்த அவர்களுக்கு அதுவே இராப்பகல் கவலையாயிற்று.

கடவுச்சொல் தெரியாமலும் இல்லை. நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் ஆங்கில எழுத்துகளும் எண்களுமாகத் தெளிவாக எழுதி வைத்திருந்தார். அதை எத்தனை முறை தட்டினாலும் தவறு என்றே கணினி சொன்னது. சில முறைக்குப்பின் சற்று நேரம் காத்திருக்கச் சொன்னது. பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கேட்டபோது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவித்தருவதாகக் கூறினர். கணக்கு அழிந்தபின் புதிய கணினி எதற்கு?

விடை கண்டவர் கல்லூரியில் படிக்கும் பேத்தி. உள்நுழைவுத் திரையின் வலப்புற அடிமூலையில் தமிழைக் குறிக்கும் சிறு அடையாளம் இருப்பதை அவர் கவனித்தார். பெரியவர் தமிழ்99 விசைப்பலகையில் எழுதுபவர். கணினி அதே அமைப்பில் நின்றிருந்தது. தமிழ்99இல் ‘எச்’ என்னும் விசையை அழுத்தினால் ‘க’ விழும். ‘கே’ என்னும் விசை ‘ம’ ஆகும். ஆங்கிலக் கடவுச்சொல்லைத் தட்டியவர்கள் உண்மையில் தமிழ் எழுத்துகளை உள்ளிட்டுக்கொண்டிருந்தனர். பெட்டியில் வெறும் கரும்புள்ளிகளே தெரிவதால் எவருக்கும் அது புலப்படவில்லை. விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றினார்; கணினி திறந்துகொண்டது. அல்ஹம்துலில்லாஹ்.

இது அபூர்வமான கோளாறன்று. தமிழும் ஆங்கிலமும் தட்டும் எந்த வீட்டிலும் நேரலாம். கடவுச்சொல் சரியென்று உறுதியாக இருந்தால் முதலில் மொழி அடையாளத்தைப் பாருங்கள். பிறகு கேப்ஸ் லாக், எண்களுக்கு நம் லாக். கண் வடிவக் குறி இருந்தால் அதை அழுத்திப்பிடித்து, என்ன விழுந்திருக்கிறது என்று காணலாம். வெளியிலிருந்து கடவுச்சொல்லை வலிந்து மாற்றும் வழிகளும் உண்டு. ஆனால் குறியாக்கம் செய்யப்பட்ட கோப்புகள் அதனால் என்றென்றைக்கும் திறக்காமல் போகக்கூடும் என்பதால் அது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

திறந்தபின் இன்னொரு கேள்வி எழுந்தது. மரணித்தவரின் கணினியில் எதையெல்லாம் பார்க்கலாம்? பிறர் குறையை மறைப்பது நம்மீதுள்ள கடமை. இறந்தவருக்கும் அது பொருந்தும். மூத்த மகனும் பள்ளியின் பொருளாளரும் உடனிருக்க, கணக்குகள் இருந்த கோப்புறையை மட்டும் திறப்பது என்று முடிவாயிற்று. கடிதங்களையும் படங்களையும் எவரும் தொடவில்லை. இம்முடிவு சரியானதென்றே இன்றும் கருதுகிறோம்.

கோப்புகளைப் பிரதியெடுத்துக் குரோம்பேட்டையில் இருக்கும் இளைய மகனுக்கு அனுப்பினால், அவர் கணினியில் பழைய ஆண்டுகளின் கணக்கு முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தது. அவை பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. அம்முறையில் ‘தமிழ்’ என்னும் சொல் கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி, அவ்வளவே. எழுத்துரு தமிழ் வடிவங்களைப் போர்த்திக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடுகிறது. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு முறை என்றிருந்த குழப்பத்தைத் தீர்க்கவே 1999இல் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு கூடியது. தமிழ்99 விசைப்பலகை அதன் விளைவு. பின்னர் 2010இல் ஒருங்குறியைத் தமிழக அரசு தரமாக ஏற்றது. பெரியவரும் காலத்தோடு மாறியிருந்தார்: பிந்தைய கணக்குகள் ஒருங்குறியில் இருந்தன. பழையவற்றை என்.எச்.எம். மாற்றியைக் கொண்டு மாற்றினோம்.

நம் முன்னோருக்கு இது புதிதன்று. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் தமிழை அரபு எழுத்தில், வலமிருந்து இடமாக எழுதினர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கென எழுத்துகளையும் ஆக்கிக்கொண்டனர். அந்த அரபுத்தமிழ் ஏடுகள் இன்று எத்தனையோ வீட்டுப் பெட்டிகளில் படிப்பாரின்றிக் கிடக்கின்றன.

கணக்கைத் தொகுத்தபோதுதான் உண்மையான சிக்கல் வந்தது: பெயர்கள். பழைய கோப்பில் ‘சாகுல், 4,000’. புதிய கோப்பில் ‘ஷாஹுல், 4,000’. ஒருவரா, இருவரா? தமிழ்99இல் ஸ, ஷ, ஜ, ஹ ஆகியவற்றுக்கு ஷிப்ட் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். விரல் சற்றுச் சோம்பினால் ஷாஹுல் சாகுலாகிவிடுவார். வடவெழுத்து வேண்டாமென்ற மறைமலையடிகள் வாழ்ந்த பல்லாவரம் எங்களுக்கு அடுத்த ஊர்தான். அவருடைய தமிழ்ப்பற்றை மதிக்கிறோம். ஆயினும் கடன் பட்டியலில் ஓர் எழுத்து ஒருவருடைய உரிமையைச் சுமக்கிறது. ‘மௌலானா’ என்று தேடினால் ‘மெளலானா’ அகப்படவில்லை. முன்னதில் ஔகாரக் குறி, பின்னதில் ‘ளகரம்’. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வெவ்வேறு. முகமது, முகம்மது, முஹம்மது, முஹம்மத் என்று நால்வர் இருந்தனர். விசாரித்ததில் அவர்கள் இருவரே.

ஆகவே தேடுவதை நிறுத்திவிட்டு, பட்டியலை அச்சிட்டு எடுத்துக்கொண்டு நேரில் சென்றோம். பெருங்களத்தூரில் குளிர்சாதனப் பழுது பார்க்கும் சாகுல் பாய், “என் பணத்தை மாமா எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டார், நீங்கள் சொல்லும் ஷாஹுல் முடிச்சூர்க்காரர்” என்றார். வாங்கிக்கொண்டு போயிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக. முடிச்சூர் ஷாஹுலின் தொகை அன்று மாலையே அவர் கைக்குச் சேர்ந்தது. இவ்வாறு பதினேழு பதிவுகளில் பதினாறு தீர்ந்தன.

மீதமுள்ளது ஒன்று: ‘பாத்திமா, 1,500, ராஜகீழ்ப்பாக்கம், 2016’. ஃபாத்திமா, பாத்திமுத்து என்றெல்லாம் அப்பகுதியில் கேட்டுப்பார்த்துவிட்டோம், உரியவர் கிடைக்கவில்லை. நம்பிக்கை அற்றுப்போகும்வரை தேடுங்கள், அதன்பின் அவர் பெயரால் ஸதகா செய்யுங்கள், பிறகு அவர் வந்து கேட்டால் கொடுத்துவிடுங்கள் என்று இமாம் கூறியுள்ளார்கள். தொகை உறையிலிட்டுப் பொருளாளரிடம் இருக்கிறது. அச்சகத்துப் பெரியவரிடம் பணம் கொடுத்துவைத்ததாக உங்கள் உம்மாவோ, ராத்தாவோ, பக்கத்து வீட்டாரோ என்றேனும் சொல்லியிருந்தால், சேலையூர்ப் பக்கம் வரும்போது பள்ளியில் விசாரியுங்கள்.

வஸ்ஸலாம்.