இத்தாலியில் ஒரு ஜெருசலேம்

ஜெருசலேம் நகரம் எங்கே இருக்கிறது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேட்டால், பாலஸ்தீனத்தில் என்பார்கள். சினிமாக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். வேறு பதில் வரும். இத்தாலி தேசத்தைப் பூட்ஸ் காலுக்கு ஒப்பிடுவார்கள் அல்லவா? அந்தப் பூட்ஸின் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவேயுள்ள வளைவில் மாத்தேரா என்று ஒரு மலையூர் உண்டு. ஏசுநாதர் கதையைப் படம் பிடிக்க வேண்டுமென்றால் அவர்கள் அந்த ஊருக்குத்தான் மூட்டை கட்டுகிறார்கள்.

பாரி என்னும் துறைமுகத்திலிருந்து நானும், இத்தாலிய பாஷை அறிந்த நண்பர் ஒருவரும் ஒரு சின்னஞ்சிறு ரயிலில் ஏறினோம். ஒலிவத் தோப்புகளின் நடுவே அது மெள்ள மெள்ள ஊர்ந்து சென்றது. இறங்கிப் பார்த்தால் பெருத்த ஏமாற்றம்! புதிய கட்டடங்கள், மோட்டார்கள், காப்பிக் கடைகள். "இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று நண்பரைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என்னை ஒரு கைப்பிடிச் சுவரின் ஓரத்துக்கு அழைத்துச் சென்றார்.

கீழே பார்த்ததும் வாயடைத்துப் போனேன். பூமி அங்கே திடீரென்று பிளந்து சரிகிறது. சரிவு முழுவதும் தேன்கூட்டைப்போல் வீடுகள். பாதி கட்டடம், பாதி குகை. ஒரு வீட்டின் கூரைதான் மேல்வீட்டுக்காரனுக்குத் தெரு. எல்லாவற்றுக்கும் அடியில் கிராவினா என்னும் சிற்றாறு பள்ளத்தாக்கில் ஓடுகிறது. எதிர்க்கரைப் பாறைகளிலும் கரிய குகைவாய்கள். மனிதன் இங்கே குடியேறி எத்தனையோ ஆயிரம் வருஷங்கள் ஆகின்றன. இந்தக் குகைக் குடியிருப்புகளுக்கு 'ஸாஸ்ஸி' என்று பெயர். 'கற்கள்' என்று பொருள்.

மழை நீரைச் சேமிப்பதில் இவ்வூரார் காட்டிய சாமர்த்தியத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. கூரை நீரெல்லாம் வாய்க்கால் வழியாகப் பாறையில் குடைந்த தொட்டிகளுக்குப் போய்ச் சேரும். நகரத்தின் பெரிய சதுக்கத்துக்கு அடியில் ஏறக்குறைய 15 மீட்டர் ஆழமுள்ள ஒரு தொட்டி இருக்கிறது. மேலே ஜனங்கள் நடமாடிக்கொண்டிருக்க, கீழே இருந்த அந்தப் பாதாள மண்டபத்தை ஊரார் அடியோடு மறந்திருந்து, 1991-இல்தான் மறுபடியும் கண்டுபிடித்தார்களாம்!

ஆனால் இவ்வளவு சாமர்த்தியமும் பசிக்கு முன்னால் தோற்றுப் போயிற்று. ஜனத்தொகை பெருகப் பெருக, ஆட்டுக்கொட்டிலும் நீர்த்தொட்டியும்கூட மனிதர் குடியிருக்கும் இடங்களாயின. ஒரே குகையில் பெற்றோர், குழந்தைகள், கோழி, கோவேறு கழுதை எல்லாரும் வாசம். முஸோலினியின் சர்க்கார் கார்லோ லெவி என்னும் ஓவியரை இந்தப் பிரதேசத்துக்கு நாடு கடத்தியது. அவர் 1945-இல் வெளியிட்ட புத்தகத்தில், டாக்டரான தம் சகோதரி மாத்தேராவில் கண்டதை எழுதினார். மலேரியாவில் வாடிய குழந்தைகள் அந்த அம்மாளைச் சூழ்ந்துகொண்டு காசு கேட்கவில்லை. கொயினா மாத்திரை கேட்டார்களாம். தேசம் திடுக்கிட்டது. 1950-இல் பிரதம மந்திரி தெ காஸ்பெரி நேரில் வந்து பார்த்தார். 'தேசிய அவமானம்' என்ற பெயர் ஊருக்கு நிலைத்தது. 1952-இல் சட்டம் பிறந்தது. சுமார் 15,000 பேர் படிப்படியாகப் புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் சினிமா வந்து சேர்ந்தது. டைரக்டர் பாஸோலினி 1963-இல் பாலஸ்தீனம் முழுவதும் சுற்றிப் பார்த்தார். எங்கும் புதுமை தலைகாட்டியது. ஏசுநாதர் காலத்துச் சாயலைக் காணோம். திரும்பி வந்து மாத்தேராவை ஜெருசலேம் ஆக்கினார். படம் 1964-இல் வெளிவந்தது. கூட்டத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் குடியானவர்களே. வேஷம் போட வேண்டிய அவசியம் அவர்களுக்கு அதிகம் இருந்திராது! புது வீடு கட்டக் கையில் காசில்லாமல் தலைமுறை தலைமுறையாகப் பழைய கல்லிலேயே கிடந்தார்கள் அல்லவா? அந்தத் தரித்திரம்தான் காமிராவுக்கு இரண்டாயிரம் வருஷத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது. 2004-இல் மெல் கிப்ஸனின் படத்திலும் இதே ஊர்தான் ஜெருசலேம். 2021-இல் வெளியான ஜேம்ஸ் பாண்ட் படத்திலோ ஊர் மாத்தேராவாகவே வருகிறது. சதுக்கத்தின் நடுவே மோட்டார் பம்பரமாய்ச் சுழன்று நாலா பக்கமும் சுடுகிறது. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

1986-இல் வேறொரு சட்டம் வந்தது. பாழடைந்த குகைகள் பழுது பார்க்கப்பட்டன. 1993-இல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 2019-இல் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகரம் என்ற பட்டமும் கிடைத்தது. அவமானம் அலங்காரமாகிவிட்டது. குகைகளில் பல இப்போது ஹோட்டல்கள். நாங்களும் அப்படியொன்றில்தான் தங்கினோம்.

மாலையில் ஹோட்டல் வாசற்படியில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். எட்டு வயதில் இங்கிருந்து வெளியேறியவர். புது வீட்டுக்குப் போன அன்று சுவரிலிருந்த குழாயைத் திருப்பித் திருப்பித் தண்ணீர் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். "திரும்பி வர ஆசையில்லையா?" என்று கேட்டோம்.

"வந்துகொண்டுதான் இருக்கிறேன், ஐயா, தினமும். உள்ளே போவதில்லை. என் இரண்டு தம்பிகள் உள்ளே செத்துப் போனார்கள்" என்றார்.

சற்று நேரம் சும்மா இருந்தோம். பிறகு அவரே, ஒரு இராத்திரிக்கு எங்களிடம் என்ன வாடகை வாங்குகிறார்கள் என்று விசாரித்தார். நண்பர் சொன்னார். கிழவர் நம்பவில்லை, மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"எந்த அறை?"

கைகாட்டினோம். அவர் எழுந்து நின்று சாளரத்தின் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அதோ, குளிக்கிற தொட்டி வைத்திருக்கிறார்களே, அங்கேதான் எங்கள் கழுதையைக் கட்டியிருந்தோம்" என்றார்.