அண்ணன் வீட்டுச் சேறு

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த மழையை நமது மாவட்டத்தார் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, திருவைகுண்டத்தில் 62 என்று கணக்குச் சொன்னார்கள். திருவருகைக் காலத்து மூன்றாம் ஞாயிறு அது. தாமிரபரணியின் கடைசி அணை திருவைகுண்டத்தில் இருக்கிறது. அதைத் தாண்டிய வெள்ளத்தைத் தடுத்து நிறுத்த ஆற்றின் கரைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தக் கரையோரத்தில், ஏரலுக்கு அருகே, நம் தந்தையார் கட்டிய வீடு இருக்கிறது. மூத்த அண்ணன் அதில் வாழ்ந்து மறைந்தார். அண்ணியார் தனியே அதில் குடியிருந்து வருகிறார்.

1992ஆம் ஆண்டு வெள்ளத்தில் ஆறு அவ்வீட்டின் இரண்டாம் படிவரை வந்து திரும்பிற்று. அந்த நம்பிக்கையில்தான் அண்ணியார் இம்முறையும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார். நள்ளிரவில் அடுத்த வீட்டார் வந்து கைபிடித்து இழுத்துச் சென்று தங்கள் மாடியில் ஏற்றிக்கொண்டனர். இரண்டு இரவும் ஒரு பகலும் ஒன்பது பேர் அங்கே இருந்தனர். தொலைபேசி எதுவும் இயங்கவில்லை. பாதைகள் அறுபட்டுக் கிடந்தமையால் நாம் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தது 21ஆம் நாள் வியாழன்று. உடன் நமது பங்கு இளைஞர் எட்டுப் பேர் மண்வெட்டிகளுடன் வந்தனர்.

கதவு திறக்க மறுத்தது. உட்புறம் சேறு அணைகட்டியிருந்தது. சன்னல் வழியாக ஒருவனை இறக்கி, முதலில் மின்சார மெயினை அணைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னோம். தெருவில் மின்சாரம் இல்லையே என்று நினைத்து விட்டுவிடுவது ஆபத்து. அது எந்த நொடியிலும் திரும்பி வரலாம். சேற்றில் கால் வைக்குமுன் கம்பால் தட்டிப் பார்க்கவும் சொன்னோம். சமையலறை மூலையில் ஒரு பாம்பு இருக்கத்தான் செய்தது. அதுவும் நம்மைப்போல் வீடிழந்து வந்ததே என்று ஒரு பையன் சொன்னான். ஆயினும் அதை வெளியேற்ற அவன் முன்வரவில்லை.

ஆற்று வண்டல் மாவுபோல் மெல்லியது. ஈரமாயிருக்கும்போது மண்வெட்டிக்கு இணங்கும். இரண்டு வெயில் கண்டுவிட்டால் செங்கல்லாகிவிடும். ஆகவே பொருள்களைப் பொறுக்கிக்கொண்டு நிற்காமல் முதல் நாள் முழுவதும் சேற்றையே அள்ளினோம். பின்னறையிலிருந்து வாசலை நோக்கி, கணுக்காலுக்கு மேல் நின்ற சேறு. சுவரில் நீர் நின்ற கோடு நம் நெஞ்சளவுக்கு இருந்தது. இரண்டாம் நாள் சுவர்களை மேலிருந்து கீழாகக் கழுவி, தரைக்குப் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினோம். சேற்றிலும் தேங்கிய நீரிலும் வேலை செய்வோருக்கு எலிக்காய்ச்சல் வரக்கூடும் என்பதால், காலில் புண் இருந்த இருவரைத் தெருவுக்கு அனுப்பிப் பொருள்களை உலர்த்தும் பணியில் வைத்தோம்.

சேற்றை அள்ளுவது உடம்புக்குத்தான் கடினம். எதை எறிவது என்பதில்தான் உண்மையான துன்பம் தொடங்கிற்று. இலவம்பஞ்சு மெத்தைகள் நால்வர் தூக்கியும் அசையவில்லை. ஒட்டுப்பலகை அலமாரி ஊறி, அப்பமாய் உப்பி, தொட்ட இடத்தில் உதிர்ந்தது. தாத்தா காலத்துத் தேக்குப் பத்தாயமோ சற்றும் கோணாமல் நின்றது. அதனுள் இருந்த நெல் முளைவிட்டு நாறிற்று. கருப்பட்டிச் சிப்பம் கரைந்து, வெறும் ஓலைக்கொட்டானாய்க் கிடந்தது. பையன்கள் ஒரு பொருளை வாசலில் போடுவார்கள். அண்ணியார் அதை மெதுவாக எடுத்துத் திண்ணையில் வைப்பார்.

"சாமி, அது உங்க அண்ணன் உக்காந்த நாற்காலி. பிரம்பு போனா போகட்டும், கட்டை நல்லாத்தான் இருக்கு."

நாம் வாதாடவில்லை. ஊறிய தானியம், மெத்தை, மருந்துகள், திறந்திருந்த உணவு ஆகியவற்றை மட்டும் கேளாமலே எறியுங்கள், மற்றவற்றைத் திண்ணையில் அடுக்குங்கள் என்று சொல்லிவிட்டோம். உதவிக்குச் செல்வோர் அவசரத்தில் வீட்டுப் பெண்களைக் கேளாமல் எல்லாவற்றையும் குப்பையாக்குவதை அந்தத் தெருவிலேயே கண்டோம். அது உதவியாகாது என்பது நமது கருத்து.

திருமணப் புகைப்படம் சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. அதை உரிக்கவிடவில்லை, உரித்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். அப்படியே வெளிச்சத்தில் வைத்து வேறொரு படம் எடுக்கச் செய்தோம். ஒட்டாத படங்களை நல்ல நீரில் அலசி, முகம் மேலாக நிழலில் பரப்பினோம். வீட்டுப் பத்திரம் கூழாகியிருந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அதன் நகல் கிடைக்கும் என்று சொன்ன பிறகே அண்ணியார் அழுகையை நிறுத்தினார். ஞானஸ்நான, திருமணச் சான்றுகளுக்குப் பங்குப் பதிவேடு இருக்கிறது. வாசகக் குடும்பங்களும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நன்று.

பீரோவின் அடித்தட்டில் அண்ணனின் கணக்கு நோட்டுகள் இருந்தன. மைப்பேனாவால் எழுதியவை நீலக் கறையாகிவிட்டன. பென்சிலால் எழுதியவை ஓர் எழுத்தும் அழியாதிருந்தன. தாளுக்குத் தாள் பழந்துணி வைத்து உலர்த்தியபோது ஒரு வரி கண்ணில் பட்டது: "1987. தம்பிக்கு அங்கித் துணி, பெட்டி. பனை இரண்டு விற்றது." குருமடத்தில் நாம் சேர்ந்த ஆண்டு அது. பனை விற்ற செய்தியை அண்ணன் ஒருநாளும் நமக்குச் சொன்னதில்லை. அண்ணியாரிடம் காட்டினோம். "எனக்குத் தெரியும் சாமி" என்றார். வேறொன்றும் சொல்லாமல் நோட்டைத் திருப்பி வைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று மாலைவரை நமக்கு வேலை ஓடவில்லை.

கிணற்றைக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பின்னர் வந்து பார்த்தோம். கலங்கல் நீரை இறைத்து, புதிய ஊற்று நீர் தெளிந்ததும் மருந்திட்டோம். ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம் என்பது வழக்கமான அளவு; வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு அதை இரட்டிப்பாக்கினோம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டோம். அதன் பிறகும் பல வாரங்கள் காய்ச்சியே குடிக்கச் சொன்னோம்.

இனி வீட்டின் கதி. பின்கட்டு மண்சுவர் சாய்ந்துவிட்டது. அண்ணன் மகன் மஸ்கட்டிலிருந்து பேசினான். "சாமி சித்தப்பா, இடிச்சுப் போட்டுட்டு அம்மாவ சென்னைல தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. மறுபடி ஆறு வந்தா யாரு பாப்பா?" அவன் கேட்டதில் பிழையில்லை. இந்தக் கேள்விக்கு நம்மிடம் விடை இருக்கவில்லை. அண்ணியாரோ, ஒன்பது பேரை மாடியில் ஏற்றிக் காத்த தெரு இது, சென்னையில் எந்த மாடியில் யார் ஏற்றுவார் என்று கேட்டார்.

வந்து பார்த்த கொத்தனார் முதியவர். முன்கட்டின் சுண்ணாம்புச் சுவர் உறுதியாயிருக்கிறது, கோடை முழுவதும் மூச்சுவிடட்டும், அவசரப்பட்டுச் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே நின்று உப்புப் பூக்கும் என்றார். அவர் சொல்லை நாம் ஏற்றோம், மகனுக்கும் எழுதினோம். அரசு வழங்கிய 6,000 ரூபாயில் அண்ணியார் அடுப்பும் பாய்களும் அரிசியும் வாங்கினார்.

2024 மே மாதம் மகன் வந்தான். சுவர்க் கோட்டைத் தானே நாடா வைத்து அளந்தான். பாத்திரமே இல்லாத அடுக்களையில் நெடுநேரம் நின்றான். பின்கட்டை மூன்றடி உயர்த்திக் கட்டுவதென்றும், பரணுக்குப் பதிலாகச் சிறு மாடி அறை ஒன்று வைத்து மாடிப்படி வெளிப்புறமாகவே ஏற வேண்டுமென்றும் தீர்மானமாயிற்று. அண்ணியார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: படியின் கைப்பிடி, அடுத்த வீட்டுக் கிழவியும் பிடித்து ஏறக்கூடிய உயரத்தில் இருக்க வேண்டும் என்று. கொத்தனார் அந்தப் பாட்டியை அழைத்து வந்து நிறுத்தி அளவெடுத்துக்கொண்டு போனார்.