வாடகைக்குக் கொடுத்துப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். அவர்கள் இன்று திருநெல்வேலிச் சந்தியில் ஒரு நாழிகை நிற்பாராயின், "வாடகைக்குக் கொடுத்துப் பார்" என்று மூன்றாவதாக ஒன்றையுஞ் சேர்த்துக்கொள்வர் என்பதில் ஐயமில்லை.

1974ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற்குப் பல்கலைக்கழக வளாகம் வந்தது. அந்நாள் தொட்டுத் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் ஆகிய ஊர்களில் மாணவர்க்கு அறை கொடுப்பது ஒரு வருவாய்த் துறையாக வளர்ந்துவிட்டது. வெளிநாட்டில் உழைக்கும் நம்மவர் பலர், பணத்தை வங்கியில் இடுவதிலும் வளவில் இடுவதே நன்றென எண்ணி, இங்கே வீடு வாங்குகின்றனர். கனடாவில் வாழும் என் தமக்கையாரின் சீதன வீடு கோண்டாவிலில் இருக்கின்றது. அதற்கு அற்றோணித் தத்துவக்காரனாக நெடுங்காலம் இருந்து வருகின்றேன். அவ்வனுபவத்தில் கண்ட சிலவற்றை ஈண்டுக் கூறுதல் பயன் தரும்.

முதலாவது, கணக்கு. பன்னிரண்டு மாத வாடகையைப் பெருக்கிப் பார்த்து மகிழ்வது எளிது. ஆனால் ஒரு குடி போய் மறு குடி வருமுன் இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால், ஆண்டு வருவாயில் ஆறிலொன்று போயிற்று. சோலை வரி, கூரைத் திருத்தம், வெள்ளையடிப்பு, தண்ணீர்ப் பம்பி ஆகியன எஞ்சியதிற் பங்கு கேட்கும். 2020இல் பெருநோய் காரணமாகப் பல்கலைக்கழகம் மூடப்பட, மாணவர் ஊருக்குப் போயினர், அறைகள் வெறுமையாயின. 2022இல் ஓர் அமெரிக்க டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்து, சில மாதத்துள் 350ஐத் தாண்டிற்று. முந்திய ஆண்டிற் பேசிய வாடகை அப்படியே நிற்க, சீமெந்தும் குழாயும் விலையேறின. இத்தகைய காலத்தைத் தாங்குதற்கு வாடகையில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, பத்திரம். தேசவழமைக்குட்பட்ட மணமான பெண், தன் அசையா ஆதனத்தைக் கைமாற்றவோ கையாளவோ கணவரின் எழுத்து மூலமான சம்மதத்தைப் பெறல் வேண்டுமென்பது 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. பங்குக் காணியை வாங்க விரும்புவோர், பங்காளருக்கும் உரித்தாளருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டென்பதையும் நினைவிற் கொள்க. 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் குடியிருப்போருக்குப் பெருங் காவலாயிற்று. வாடகைக்கு விட்ட இடத்தை மீட்பதற்கு 2023இல் தனிச் சட்டமொன்றும் வந்தது. எச் சட்டமாயினும் எழுத்தை வைத்திருப்பவனுக்கே கைகொடுக்கும். உறவினர்தாமே என்று வாய்ச்சொல்லில் வீட்டைக் கொடுத்து, பின்பு வீட்டையும் உறவையும் ஒருங்கே இழந்தோர் நம்மூரிற் பலர். நொத்தாரிசு முன் எழுதிய ஒப்பந்தமும், மாதந்தோறும் கொடுக்கும் பற்றுச்சீட்டும் இரு திறத்தாருக்கும் நன்மையே.

மூன்றாவதே தலையாயது. அது கிணறு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலே தங்கும் மழைநீரே நமக்கு உயிர். அக் கல்லோ நீரை உள்ளே விடுவதுபோல அழுக்கையும் விடும். ஒரு குடும்பத்துக்கென வெட்டிய மலகூடக் குழியை எட்டுப் பத்துப்பேர் பயன்படுத்தினால், அது கசிந்து நம் கிணற்றுக்கும் அயலார் கிணற்றுக்கும் செல்லாதிருக்குமா?

எங்கள் வீட்டில் நான்கு மாணவியர் இருக்கின்றனர். சென்ற ஆண்டில் தரகர் ஒருவர் வந்து, மண்டபத்தைப் பலகையால் மறித்து மேலும் நால்வரைச் சேர்த்தால் வாடகை இரட்டிக்குமென்றார். கணக்கில் அவர் சொன்னது சரியே. செய்தியைத் தமக்கையாருக்குத் தொலைபேசியிற் கூறினேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "தம்பி, வயது போனபின் நான் வந்து குடிக்கப்போவது அந்தத் தண்ணியைத்தானே? அந்தப் பிள்ளையள் இப்பவே குடிக்குதுகள். நால்வரே போதும்" என்றார். அவ்வாண்டு வந்த வாடகையில் ஒரு பங்கைக் கொண்டு குழியைச் சீமெந்தினாற் கட்டுவித்து, கிணற்றையும் இறைப்பித்தோம். வருவாய் குறைந்தது உண்மை. ஆயினும் அப்பிள்ளைகளின் பெற்றோர் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் கவலையின்றி உறங்குகின்றனர். அயலாரும் எம்மைக் கடிந்து பேசுவதில்லை.

ஆதலின், வாடகை வீட்டில் முதலிட விரும்பும் அன்பர்களுக்குச் சொல்வது இதுவே. வீட்டின் விலையை விசாரிக்குமுன் கிணற்றுக்கும் குழிக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். வாடகையைக் கணக்கிடுமுன், வாரத்துக்கொருமுறை படலையைத் திறந்து உள்ளே போய்ப் பார்ப்பவர் யாரென்று தீர்மானியுங்கள். வாடகை என்பது பெரும்பாலும் அந்தக் கவனிப்புக்குக் கிடைக்கும் கூலியே. கவனிக்க ஆளில்லாதவர் தம் பணத்தை வங்கியிலே விட்டுவைத்தல் நலம். வட்டி சிறிதாயினும், அதனால் ஒருவர் கிணறும் கெடுவதில்லை.